துக்க வீட்டில் கடன் கேட்பதில்லை

ஜனவரி 7

வருஷா வருஷம் கார் கம்பெனியிலிருந்து புது டைரி வரும். இந்த வருஷம் வரவில்லை. போன வருஷத்து டைரியில் பாதி வெறும் தாளாகக் கிடக்கிறது. தேதியை அடித்துவிட்டு அதிலேயே எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவதுதான். ஆனாலும் என் எழுத்தைப் பார்த்துவிட்டு பேங்க் மேனேஜர் ஒருமுறை, "டீச்சரா இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். அதை எழுதி வைப்பதில் தப்பில்லை.

இன்று வந்த கிளவுஸ் மூட்டை பத்து. போன வருஷம் இதே நாளில் இருபத்தாறு. வெல்டிங் பகுதி நாலு, கார் பாகங்களைப் பூட்டுகிற பகுதி ஆறு. பெயிண்ட் பகுதியிலிருந்து ஒன்றுகூட இல்லை.

கம்பெனி ஆட்கள் கையில் மாட்டுகிற கிளவுஸை நாங்கள் பன்னிரண்டு பெண்கள் துவைத்து, ஓட்டை தைத்து, ஜோடி சேர்த்துக் கொடுக்கிறோம். என் மகன் மேகநாதன் அங்கே பர்சேஸில் இருக்கிறான். அவன்தான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். குழுவுக்கு நான் தலைவி.

கிளவுஸ் பேசும். வெல்டிங் ஆள் கிளவுஸில் பொறி விழுந்து கடுகு கடுகாக ஓட்டை இருக்கும். கார் பூட்டுகிறவன் கிளவுஸில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். பெயிண்ட் பகுதி என்றால் கார் என்ன நிறமோ அந்த நிறம். தீபாவளி வரைக்கும் சிவப்பு வந்தது. பிறகு கொஞ்ச நாள் வெள்ளை. இப்போது ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து முதல் மூட்டை. மொத்தம் அஞ்சு. இருசம்மாள் ஒரு கிளவுஸை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். "இன்னாக்கா இது, வேர்வ நாத்தமே இல்ல? மாட்டிக்கினு சும்மா குந்தினு இருந்தானுங்களா?"

"வேர்க்காத மாசம்டி இது" என்றேன்.

தை மாசம் வேர்க்காது என்பது உண்மைதான். வெல்டிங் ஓட்டை ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 28

மூட்டை ரெண்டு. மூத்த பேத்தி தேன்மொழிக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு.

பிப்ரவரி 4

ஊரே கம்பெனி கேட்டில் நின்றது. நானும் போய்ப் பார்த்தேன். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

மேகநாதன் வீட்டுக்கு வந்து விவரமாகச் சொன்னான். முதலாளி பேங்குகளுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. பேங்குக்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டார்கள். தீர்ப்பாயம் ஓர் அதிகாரியை நியமித்திருக்கிறது. நேற்றிலிருந்து முதலாளி சொல்வது அங்கே செல்லாது, அதிகாரி சொல்வதுதான். அவர் கம்பெனியை ஓட்டிக்கொண்டே புது முதலாளியைத் தேடுவார்.

"அப்ப திவாலாடா?" என்றேன்.

"திவாலுன்னு வாயில சொல்லாதம்மா. மூடறதில்ல இது. சீர் பண்ணி எழுப்பறது."

"நம்ப பாக்கி?"

"எல்லாம் வரும்."

பதினாலு மாசப் பாக்கி. அத்தனை நாளும் சலவைச் சோடாவுக்கும் சோப்புக்கும் கொதிக்க வைக்கிற கொப்பரை விறகுக்கும் யார் கொடுத்தார்கள்? பன்னிரண்டு பேரும் ஒருத்தி மாற்றி ஒருத்தி நகையைக் கழற்றி அடகு வைத்தோம். இருசம்மாளுடைய தாலிக்கொடியும் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் கயிற்றோடு திரிகிறாள்.

பிப்ரவரி 10

ஜாபர் பாய் வந்தார். கம்பெனிக்கு எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் போடுகிறவர். எங்களைப் போலவே அவருக்கும் பாக்கி நிற்கிறது.

"தனகோட்டிம்மா, அந்த நோட்டீஸ்ல போட்டுருக்கு. யாருக்கு எவ்ளோ வரணுமோ, அவங்கவங்க அந்த ஆபீசருக்கு மனு எழுதிப் போடணுமாம். நான் போட்டுட்டேன். பில்லு நகல வச்சு நீங்களும் போட்டுருங்க."

"எம்மவன் உள்ள இருக்கறப்ப நான் ஏன் பாய் மனு போடணும்?" என்றேன். டீ கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 14

காலையில் இட்லி வைக்கும்போது மேகநாதனிடம் கேட்டேன். மனு போடலாமா என்று.

அவன் கொஞ்ச நேரம் சட்னியைத் தொட்டுக்கொண்டே இருந்தான். "போடாதன்னு நான் சொல்லல. உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். எழவு வுழுந்த வூட்ல போயி நின்னுக்கினு, 'உம்புருசன் எனக்குத் தரணும், எடுத்து வை'ன்னு கேப்பியா நீ?"

"கருமாதி முடியறதுக்கு மின்ன எவடா கேப்பா?"

"அவ்ளோதாம்மா. இப்ப கம்பெனியில எழவு. முடியட்டும். புது ஆளு வந்து குந்தட்டும். யாரு பொறுத்துனு இருந்தாங்க, யாரு மென்னியப் புடிச்சாங்கன்னு அவனுக்குத் தெரியாமலா பூடும்? மனுன்னா கேசு மாரிம்மா. சோறு போட்ட எடத்து மேல கேசு போட்டவங்கன்னு ஒரு லிஸ்ட்டு இருக்கும். அதுல உம்பேரு வரணுமா?"

எங்கள் ஊரில் அது ஒரு கட்டுப்பாடு. சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் கடன்காரன் அந்தத் தெருவில்கூட நடக்க மாட்டான். கருமாதி முடிந்து தலைப்பாகை கட்டியதும் மகனே ஆள் அனுப்பி, "அப்பா உங்களுக்கு எவ்ளோ தரணும்?" என்று கேட்பான். கேட்காத மகனை ஊர் மதிக்காது.

என் பிள்ளை படித்தவன்தான். ஆனாலும் ஊர் முறை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

பிப்ரவரி 16

துவைக்கிற தொட்டியண்டை எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மனு போட வேண்டாம். காரியம் முடியட்டும்.

இருசம்மாள் மட்டும், "கம்பெனி என்னா மனுசனாக்கா, எழவு வுழ?" என்று கேட்டாள்.

"உங்க மாமியா செத்தன்னிக்கு மளிகைக்காரன் பாக்கி கேட்டு வாசல்ல வந்து நின்னான்னு இன்னி வரிக்கும் அவன் கடையில ஒரு தீப்பெட்டி வாங்குவியா நீ? அதே வேலைய நம்ப செய்யணுமா?"

இருசம்மாளின் மருமகள் பிரமிளா காலேஜ் வரைக்கும் போனவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருசம்மாள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்க சொன்னா சரிக்கா" என்று எழுந்துபோனாள் இருசம்மாள்.

அவளை மடக்கிவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எழுதுகிற இடத்தில் பொய் எழுதக்கூடாது.

மார்ச் 5

அதிகாரி வந்த பிறகு துவைத்ததற்கு உண்டான பணம் சொன்ன தேதிக்கு பேங்கில் ஏறிவிட்டது. பாருங்கடி என்று பாஸ்புக்கைத் தூக்கிக் காட்டினேன். பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. அது வேறு, இது வேறு என்றான் மேகநாதன்.

மார்ச் 8

மேகநாதன் என் ரெட்டைவடச் சங்கிலியை அடகிலிருந்து மீட்டுக்கொண்டு வந்து கழுத்தில் போட்டான். பெண்கள் தினமாம். மருமகள் சுகுணா போட்டோ எடுத்தாள்.

"எதுக்குடா இப்ப? பாக்கி வந்ததும் எல்லாரோடதும் ஒண்ணா மீட்டுக்கலாமே."

"இருக்கட்டும்மா. அது எப்ப வருதோ."

தொட்டிக்குப் போகும்போது முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன். தண்ணீர் இறைக்கும்போது விலகிவிட்டது. பார்த்தார்கள்.

மார்ச் 24

மேகநாதனே வண்டி வைத்து நானூறு ஜோடி அனுப்பினான். ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று வேண்டும். கம்பெனியை வாங்குகிறதாக ஒருவர் வடக்கேயிருந்து பார்க்க வருகிறாராம். கொப்பரையில் ரெண்டு தடவை கொதிக்க வைத்தோம். பிரமிளாவுக்கு உள்ளங்கை வெந்துவிட்டது.

மார்ச் 27

அந்த நானூறு ஜோடியும் திரும்பி வந்தது. பெரும்பாலானதில் நாங்கள் மடித்த மடிப்புக்கூட அப்படியே இருந்தது. முந்நூறு ஜோடிக்கு மேல் கை நுழையவே இல்லை.

பிரமிளா சிரித்துக்கொண்டே சொன்னாள். "பெரியத்தே, அன்னிக்குக் கம்பெனிக்குள்ள கூலிக்குப் போன எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. ஒரே காருக்கு மூணு தடவ கதவ மாட்டி மூணு தடவ கழட்டினாங்களாம். வந்தவரு மூணு தடவயும் கைதட்டினாராம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அழுக்கோ இல்லையோ, வந்ததைத் துவைக்கணும். துவைக்காத துணிக்கு நான் பில் போட மாட்டேன்" என்று சொல்லி நானூறையும் மறுபடி தண்ணீரில் போட வைத்தேன்.

மே 3

உச்சிவெயிலில் ஜாபர் பாய் வந்தார். கையில் ஃபாரம்.

"நாளையோட தொண்ணூறு நாளு முடியுதும்மா. நானே இங்கிலீஷ்ல பூர்த்தி பண்ணி எடுத்தாந்துட்டேன். உங்க கையெழுத்து ஒண்ணு போதும். சாயந்திரமே அனுப்பிடறேன்."

"எழவு வூட்ல கை நீட்டற பழக்கம் எங்களுக்கு இல்ல பாய்."

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஊரு மொற எனக்கும் தெரியும். நானும் இங்கியே பொறந்தவன்தான். ஆனா இவங்க மொற வேறம்மா. இவங்களுக்குப் பாடையத் தூக்கறதுக்கு மின்ன கேட்டாதான் கடன். தூக்கினப்புறம் கேட்டா, நீ யாருன்னு கேப்பாங்க."

"அப்பிடி ஒரு மொற ஒலகத்துல உண்டா?" என்றேன். அவருக்கு டீ வைக்கவில்லை. ஃபாரத்தை மோட்டார் ரூம் மேடையில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மேகநாதனிடம் அதைக் காட்டினேன். "குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மே 4

அந்த ஃபாரம் என்னடா ஆச்சு என்று கேட்க நினைத்தேன். காலையில் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

ஜூன் 20

மூட்டை இல்லை.

ஜூலை 2

மூட்டை இல்லை. நாலு பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். ஏரிக்கரையில் மண் வெட்டுகிறாள் இருசம்மாள். நான் அந்த வழியாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 18

அடகுக் கடையிலிருந்து நோட்டீஸ். ஆவணி முடிவதற்குள் மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். பதினோரு பேருக்கும் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை.

மேகநாதனிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா, ஆர்டர் வந்துடும்" என்றான்.

செப்டம்பர் 19

ஏலம் முடிந்தது. தாலிக்கொடியும் போய்விட்டது. இருசம்மாள் என்னிடம் வந்து சொல்லவில்லை. பிரமிளா சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 8

ஆர்டர் வந்துவிட்டது! வடக்கேயிருந்து வந்தவர்தான் புது முதலாளி. கம்பெனி கேட்டில் வெடி வெடித்தார்கள். மேகநாதனுக்கு வேலை நிலைத்துவிட்டது. மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தேன்மொழி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அம்மனுக்குப் பொங்கல் வைக்க அரிசி ஊற வைத்தேன்.

கருமாதி முடிந்தது. இனி நாம் கேட்கலாம் என்று தொட்டியண்டை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11

ஜாபர் பாய்க்குப் பணம் முழுசாக வந்துவிட்டதாம். அவர் வந்து சொல்லவில்லை. என் வீட்டைக் கடக்கும்போது டிவிஎஸ்ஸை உறுமவிடாமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். எதற்கு அப்படிப் போகிறார் என்று யோசித்தேன்.

பிறகு பிரமிளா வந்தாள். போனில் பார்த்துச் சொன்னாள். புது முதலாளி போட்ட திட்டத்தைத் தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டது. பேங்குகளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார். மனு போட்ட தொழிலாளிகளுக்கு முழுசு. மனு போட்ட சின்ன சப்ளையர்களுக்கும் முழுசு.

"மனு போடாதவங்களுக்கு?"

"அது இல்லன்னு ஆயிடும் பெரியத்தே."

"இல்லன்னு ஆவறதுன்னா? நம்ப தொவச்சது தொவச்சதுதானே?"

அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 15

பிரமிளாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அந்த அதிகாரி ஆபீஸ். ஏழாவது மாடி. மேகநாதனிடம் சொல்லவில்லை. பதினாலு மாசத்துப் பில் நகலும் மஞ்சள் பையில் தேதி வரிசையாக இருந்தது.

அதிகாரி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கரெக்டா வச்சிருக்கீங்கம்மா. இந்தக் கடன் நெஜம். ஆனா தொண்ணூறு நாளுக்குள்ள வந்திருக்கணும். இப்ப திட்டம் ஒப்புதல் ஆயிடுச்சு. புது ஓனர் கைக்குக் கம்பெனி சுத்தமாப் போவணும். பழைய எதுவும் ஒட்டக்கூடாது. அதான் சட்டம். இல்லன்னா யாரும் வாங்க வர மாட்டாங்க, ரெண்டாயிரம் பேர் வேலை போயிடும்."

"தொவைக்கறவகிட்ட சுத்தத்தப் பத்திச் சொல்றீங்களே சார். அழுக்கு எங்கியும் போவாது. துணிய வுட்டுத் தண்ணிக்குப் போவும். தண்ணி யார் வூட்டு வாசல்ல நிக்குதுன்னு பாக்கணும்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "ஏம்மா அப்பவே வரல? தமிழ் பேப்பர்லகூட விளம்பரம் கொடுத்தோமே."

எழவு வீட்டில் கடன் கேட்பதில்லை என்று ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

மனு போட்டவர்கள் லிஸ்ட்டைக் கேட்டேன். கம்ப்யூட்டரில் காட்டினார். பிரமிளா இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சப்ளையர் முடிந்து கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"படி."

"வாணாம் பெரியத்தே."

"படிடி."

"மேகநாதன், பர்சேஸ். சம்பள பாக்கி. மனு வந்த தேதி பிப்ரவரி ஒம்பது."

பஸ்ஸில் வரும்போது பிரமிளா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி ஒம்பதாம் தேதி அவன் மனு போட்டிருக்கிறான். பதினாலாம் தேதி இட்லி தின்றுகொண்டே எனக்கு எழவு வீட்டு நியாயம் சொல்லியிருக்கிறான். ஒம்பதாம் தேதிக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, பதினாலு மட்டும் என் எழுத்தில் இருக்கிறது.

அக்டோபர் 16

காலையில் அவன் ஷூ மாட்டும்போது கேட்டேன்.

"கேசு போட்டவங்க லிஸ்ட்டுல உம்பேரு இருக்குதேடா."

ஷூ லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மறுக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"எங்க பர்சேஸ் பெரியவரு கூப்ட்டு சொன்னாரும்மா. சின்ன சப்ளையரு நாப்பது பேரும் எங்கையில. பாதிப் பேராவது மனு போடாம பாத்துக்கச் சொன்னாரு. கடன் கம்மியாத் தெரிஞ்சாதான் வாங்கறவன் வருவான்னாரு. அத்தச் செஞ்சாதான் எனக்கு வேல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கினு நான் என்னா பண்ணுவேன்?"

"பெத்தவகிட்டயுமாடா?"

"உனக்கு மட்டும்னா சொல்லிருப்பேன். உங்கிட்ட சொன்னா பதினோரு பேருக்கும் சொன்ன மாரி. உன்ன எனக்குத் தெரியாதா? அதான் உன் சங்கிலிய மட்டும் மீட்டேன்."

"அந்த ஃபாரம்?"

"கிழிச்சிட்டேன்."

சுகுணா சமையல் ரூமில் குழாயைத் திறந்துவிட்டாள். கேட்காத மாதிரி இருக்க வேண்டுமாம்.

பெற்ற மகன், நான் நாணயமானவள் என்று தெரிந்துதான் என்னை ஏமாற்றியிருக்கிறான். நாணயம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு உண்மையைச் சொல்லியிருப்பான். இதை எப்படி எழுதினாலும் கசக்கிறது.

"ஞாயித்துக்கெழம தொட்டியண்ட வா. உன் வாயால அவங்ககிட்ட சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

"சரிம்மா" என்றான்.

அக்டோபர் 19

ஞாயிறு. பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பதினொன்றுக்கு அவன் போன் பண்ணினான். புது முதலாளி வருகிறாராம், வர முடியாதாம், நீயே ஏதாவது சொல்லிடும்மா என்றான்.

நானே சொன்னேன். ஏதாவது சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரி ஒம்பது, பதினாலு, கிழித்த ஃபாரம், சங்கிலி. பிறகு யாரும் கேட்காததையும் சொன்னேன். கம்பெனி ஓடவில்லை என்று எனக்குத் தையிலேயே தெரியும். பெயிண்ட் வரவில்லை, ஓட்டை வரவில்லை, வேர்வை வரவில்லை. கிளவுஸைப் பார்த்தே தெரிந்தும் பொங்கல் என்றேன், வேர்க்காத மாசம் என்றேன். என் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்கிற கர்வத்தில் சொன்னேன்.

சங்கிலியைக் கழற்றித் தொட்டிச் சுவர்மேல் வைத்தேன்.

இருசம்மாள்தான் பேசினாள். கத்தவில்லை.

"யக்கா, அந்தக் கிளவுஸ நாங்களுந்தானே தொவச்சோம். உனக்கு மட்டுந்தான் கண்ணு கீதா? நானு முந்நூறு ஜோடிய மடிப்புக் கலையாம மூட்டையிலேருந்து எடுத்தேன். கம்பெனி செத்துப்போச்சுன்னு எனக்கு உனக்கு மின்னயே தெரியும்."

"அப்பறம் ஏன்டி மனு போடல?"

"நீ வாணாம்னு சொன்னியே."

அவ்வளவுதான். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலி சுவர்மேலேயே இருந்தது.

அக்டோபர் 21

சங்கிலியை விற்றேன். பதினோரு பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மாசக் கூலிகூட வரவில்லை. பிரமிளா கையில் கொடுத்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 22

சோப்பு வைக்கிற கொட்டகையைக் கூட்டிக் கழுவினேன். கட்டில் போட இடம் இருக்கிறது. தேன்மொழி தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். "எதுக்கு ஆயா இங்க?" என்றாள். காற்று நன்றாக வருகிறது என்றேன்.

நவம்பர் 4

கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. கிளவுஸ் துவைக்க ஆள் வேண்டும் என்று ஒரு ஆள் வந்தான். மேகநாதன் அனுப்பியிருக்கிறான், தான் வரவில்லை. பழைய ரேட்டிலிருந்து குறைத்திருக்கிறார்கள். அதோடு ஒரு நிபந்தனை. பழைய கம்பெனியிடமிருந்து எங்களுக்கு எந்தப் பாக்கியும் கிடையாது, இனி எந்த நாளும் கேட்க மாட்டோம் என்று குழு எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும்.

"எழுத மாட்டேன்" என்றேன். "வராததை வரலைன்னு எழுதலாம். இல்லவே இல்லைன்னு எப்பிடி எழுதுவேன்? இந்தக் கையில சோடா தின்ன தோலு இன்னும் முளைக்கல."

வந்தவன், அப்படியானால் பக்கத்து ஊர்க் குழுவிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சாயந்திரம் வரைக்கும் டைம் என்றான்.

இருசம்மாள் ஏரிக்கரை வேலையிலிருந்து மண்வெட்டியோடு வந்தாள். வந்தவன் சொன்னதை நின்றுகொண்டே கேட்டாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"யக்கா, உன் ரோசம் உன்னோட. எங்களுக்கு வேல வோணும். நல்ல எழுத்து உன்னோடதுதான். நீயே எழுது."

"பொய்டி அது."

"தெரியும். எழுது."

தொட்டிச் சுவர்மேல் தாளை வைத்து எழுதினேன். 'பழைய கம்பெனி எங்களுக்குத் தர வேண்டியது ஏதும் இல்லை' என்று எழுதும்போதுகூட ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்தது போல நின்றது. கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மை டப்பாவைத் திறந்து இருசம்மாளிடம் நீட்டினேன்.

பத்தொன்பது வருஷமாக நான் எழுதிய தாளுக்கு அவள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கட்டைவிரலை நீட்டுவாள். இன்று தாளை வாங்கினாள். பிரமிளாவைக் கூப்பிட்டாள்.

"இத்த எனக்குப் படிச்சுக் காட்டு. முழுசா."

பிரமிளா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் சத்தமாகப் படித்தாள். எல்லாரும் தொட்டியண்டை நின்று கேட்டார்கள். எழுதியது எழுதியபடி இருந்தது. அதன் பிறகுதான் இருசம்மாள் விரலை மையில் வைத்தாள்.